நீட்டுகிற கைக்கு என்ன பதில்?

சென்னை ராயபுரம் கல்மண்டபம் பக்கத்து டீக்கடைகளில் எந்நேரமும் ஆள் நிற்கும். காசிமேட்டில் மீன் வேலை முடித்தவர்கள், துறைமுகத்துக்குள் நுழைய மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், மூட்டை தூக்குபவர்கள். கிராமத்திலிருந்து பிழைக்கப் போனவர்களும் இவர்களில் உண்டு. காத்திருக்கும் நேரத்தில் டீயும் சிகரெட்டும் ஜோடியாகத்தான் வரும். அங்கே சிகரெட்டை விட்ட ஒருவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும், "அட, ஒண்ணே ஒண்ணு பிடிப்பா" என்று அன்பாக நீட்டும் கைதான்.

ஊருக்கு வந்தாலும் இதே கதை. திருவிழா, கறிவிருந்து, துக்க வீடு. துக்க வீட்டில் வெற்றிலையோடு பீடியும் சிகரெட்டும் வைத்த தட்டு வரிசையாக வரும். வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவோ என்ற தயக்கம். தட்டைத் தொட்டுவிட்டு அடுத்தவர் பக்கம் நகர்த்தினால் போதும், யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. சிகரெட்டுக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போடுவது மட்டும் கூடாது. அது வாய்ப்புற்றுக்கு வழி. வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான்.

பல மாதம் ஆசையே இல்லாமல் இருந்தவருக்கும் டீ கிளாஸைக் கையில் எடுத்ததும் நாக்கு ஊறும். டீயையும் புகையையும் மூளை சேர்த்தே பழகியிருக்கிறது, அதனால்தான். அந்த உந்துதல் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை நகர்ந்து நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், கடலையைக் கொறியுங்கள். முதல் சில வாரங்களுக்கு டீக்குப் பதில் மோரோ சுக்கு காபியோ குடித்தால் அந்த ஜோடி பிரியும்.

பதில் சொல்வதிலும் சூட்சுமம் இருக்கிறது. "இன்னிக்கு வேணாம்", "தொண்டை சரியில்லண்ணே" என்றால் தொண்டை சரியானதும் மறுபடி நீட்டுவார்கள். "விட்டுட்டேண்ணே" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நெருக்கமான ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், கேலி வரும்போது அவரே பேச்சை மாற்றிவிடுவார். குடி இருக்கும் இடத்துக்கு மட்டும் சில மாதம் போகாதீர்கள். போதையில் உறுதி நிற்காது.

வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை: சட்டையில் வாடை வந்ததும் சண்டைக்குப் போக வேண்டாம். பக்கத்தில் நின்றவரின் புகையும் துணியில் ஒட்டும். தவறிப்போய் ஒன்று பிடித்திருந்தாலும் விட்டது வீணாகிவிடாது. அடுத்ததைத் தொடாமல் இருப்பதுதான் காரியம். விட்ட ஓராண்டில், புகைப்பவரோடு ஒப்பிட்டால் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது.

டீக்கடையும் பொது இடம்தான். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனால், கடை வாசலில் அதற்கு யார் பயப்படுகிறார்கள்?

தனியாகச் சமாளிக்க முடியாதவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். சிகரெட் அட்டையிலேயே இந்த எண் இருக்கிறது. மருந்துக்கடையில் நிகோட்டின் சூயிங்கம் கிடைக்கும். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும். மெல்வதற்கு முன் 15 நிமிடம் டீ, காபி, சோடா எதுவும் ஆகாது. குடித்தால் மருந்து சரியாக உடலில் சேராது.