“இவங்க நைனாவும் லேட்டாதான் பேசுனான்!”

ஆட்டிசம் பரம்பரையாக வருமா? வடசென்னை வீடுகளில் எழும் கேள்விக்கு அறிவியல் சொல்லும் பதில்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு வீடு. குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயா தைரியம் சொல்வார்: “இவங்க நைனாவும் அஞ்சு வயசுலதான் பேசுனான். தானா வந்துரும்.” மருத்துவர் ‘ஆட்டிசம்’ என்று சொல்லிவிட்டால், அதே வீட்டில் பேச்சு மாறும்: “எங்க வம்சத்துல இப்படி யாருமே இல்லியே. உங்கம்மா வூட்ல யாருக்குனா இருக்கா?”

முதல் பேச்சு குழந்தையின் காலத்தைத் தின்கிறது. இரண்டாவது, தாயின் மனதைத் தின்கிறது.

தாய்மேல் விழுந்த பழி

தாயைக் குற்றம் சொன்னது நம் ஊர் மட்டுமல்ல. 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விவரித்தார். இது பிறவியிலேயே அமைவது என்றே அந்தக் கட்டுரையை முடித்தார். ஆனாலும், பாசம் காட்டாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற எண்ணம் பின்னர் வலுத்தது. 1967-ல் புருனோ பெட்டல்ஹைம் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார்.

அந்தப் பழியைத் துடைத்தவர்கள் இரட்டைக் குழந்தைகள். பிரிட்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, 1977-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில், 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வளர்ப்புதான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

2019-ல் டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களைச் சேர்ந்த சுமார் 20 லட்சம் குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, ஆட்டிசத்தில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 சதவீதம் என்று தெரிந்தது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 80 சதவீத வாய்ப்பு என்று இதற்குப் பொருளில்லை. ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை என்ற வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் மரபணுக்களே காரணம் என்பதுதான் பொருள்.

யார் பக்கத்து வம்சம்?

இரண்டு பக்கமும்தான். ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள் நூற்றுக்கும் மேல். துளித்துளியாக அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்து ஒரு குழந்தையிடம் சேரலாம். சிலருக்கு, பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய மரபணு மாற்றம் கருவில் தோன்றுகிறது. அங்கே எந்த வம்சத்தையும் தேடிப் பயனில்லை.

சொந்தத்தில் கட்டியதாலா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. இரு பக்கமும் மறைந்திருக்கும் மரபணுக் குறை ஒன்றுசேரும் வாய்ப்பு இதில் கூடுகிறது. ஆனால் உறவில் மணக்கும் வழக்கமே இல்லாத நாடுகளிலும் ஆட்டிசம் உண்டு.

எண்ணூரில் இன்னொரு கேள்வியும் எழும்: “இந்தப் புகையாலயா?” 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவையும் அம்மோனியா கசிவையும் ஒரே மாதத்தில் பார்த்த மக்கள் அப்படிக் கேட்காமல் இருக்க முடியாது. கர்ப்ப காலத்துக் காற்று மாசுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருப்பதாக வெளிநாட்டு ஆய்வுகள் சில காட்டுகின்றன. ஆனால் ஒரு குழந்தையைக் காட்டி, ‘இது புகையால் வந்தது’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. நல்ல காற்றைக் கேட்பதற்கு ஆட்டிசத்தைச் சாட்சிக்கு அழைக்கவும் வேண்டாம். அது நம் உரிமை.

குடும்பக் கதை உதவும் இடம்

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெரியப்பா இருந்திருப்பார். காசிமேட்டில் வலை பின்னினால் ஒரு கண்ணி பிசகாது. ஏலக் கூட்டம் என்றால் ஒதுங்கிப் போவார். ஒரே தட்டில், ஒரே இடத்தில்தான் சாப்பாடு. அவருக்கு ஆட்டிசம் என்று இன்று முத்திரை குத்த வேண்டியதில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் உறவினர்களிடம் இத்தகைய சாயல்கள் சற்றுக் கூடுதலாகத் தென்படுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் பரிசோதனை நடக்கும்போதுதான் தன்னையே அடையாளம் கண்டுகொள்ளும் அப்பா அம்மாக்களும் உண்டு.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அடுத்த குழந்தையை. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால், இளையதற்கும் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஐந்தில் நால்வருக்கு இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு வயதில் பெயருக்குத் திரும்புகிறதா, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம். ஸ்டான்லி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ போகலாம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் கேட்டுப் பெறுவது குழந்தையின் உரிமை.

அந்த ஆயாவின் நினைவு பொய்யில்லை. மகன் தாமதமாகப் பேசியதை அவரைத் தவிர யாரும் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. அதை வீட்டு வாசலில் ஆறுதலாகச் சொன்னால் குழந்தைக்கு மூன்று வருடம் போய்விடும். மருமகளோடு பஸ் ஏறிப் போய், மருத்துவர் எதிரில் உட்கார்ந்து சொல்லட்டும்: “இவங்க நைனாவும் லேட்டாதான் பேசுனான் டாக்டர்.” அந்த ஒரு வரிக்காகத்தான் மருத்துவரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.