டியூப் கெடவில்லை, கண்டென்சர் காய்ந்திருக்கிறது

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. 14 அங்குலப் பிக்சர் டியூப் செட்டுகள். ஒன்றரைக் கோடிக்கும் மேல் வீடுகளுக்குப் போயின. அந்தக் காலத்துக் கணினி மையங்களில் மேசையை அடைத்துக்கொண்டிருந்த மானிட்டர்களுக்கும் உள்ளமைப்பு ஏறக்குறைய இதுதான். படம் மேலும் கீழும் சுருங்குகிறது, ஓரம் நெளிகிறது, ஆன் ஆகவில்லை என்று அவற்றில் பல பரணேறிவிட்டன. பெரும்பாலும் டியூப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. காய்ந்திருப்பது ஒரு சின்ன எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்.

போர்டில் ஈரத்தை நம்பி வேலை செய்யும் உறுப்பு அது. உருளைக்குள் இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாம் ஒன்றாகச் சுருட்டப்பட்டிருக்கும். மின்சாரத்தைத் தடுப்பது காகிதம் அல்ல. ஒரு தாளின்மேல் மின்சாரத்தாலேயே வளர்த்த ஆக்சைடு படலம்தான் தடுக்கிறது. வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர் தடிமன். 400 வோல்ட் தாங்கும் கண்டென்சரில்கூட அது ஒரு மைக்ரோமீட்டரை எட்டாது. அதில் சிறு பழுது விழுந்தால், அந்த இடத்தில் கசியும் மின்னோட்டமே திரவத்தில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு புதுப் படலத்தை வளர்த்துவிடும். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் ஓர் உலோகச் சுருளை நூறு தடவை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பியதும் நொடிக்கு 100 துடிப்புகளாக வரும். ஒவ்வொன்றின் உச்சமும் 325 வோல்ட் அளவுக்கு ஏறும். செட்டுக்குத் துடிப்பு ஆகாது. மழை எப்போதோ பெய்தாலும் மோகனூர் ஆற்றில் சீராகத் தண்ணீர் வர மேட்டூர் அணை என்ன செய்கிறதோ, அதைத்தான் கண்டென்சர் இங்கே செய்கிறது. அணையில் வண்டல் சேரச் சேரக் கொள்ளளவு குறையும். இங்கே அடிப்பக்க ரப்பர் வழியாகத் திரவம் ஆவியாகிக் குறைகிறது. திரவம் குறைந்தால் உள்தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு மிச்ச ஈரத்தையும் விரட்டும்.

வெப்பம் 10 டிகிரி கூடினால் கண்டென்சரின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 85 டிகிரியில் 2000 மணி நேரம் உழைக்கும் ஒன்று 65 டிகிரியில் 8000 மணி நேரம் உழைக்கும். அதே 65 டிகிரியில், 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று அச்சிட்டது 32,000 மணி நேரம் தாங்கும். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடும் செட்டில் முதலாவதற்கு நான்கு ஆண்டுகூட இல்லை. மற்றதற்குப் பதினான்கு ஆண்டுக்கு மேல். சித்திரை வெயிலில் அறையே 40 டிகிரியைத் தொடும் நாமக்கல் பக்கத்தில் செட்டுக்குள் 65 என்பது பெரிதல்ல. மாற்றும்போது 105 டிகிரி கண்டென்சரைக் கேட்டு வாங்குங்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கலாம். நெகட்டிவ் பக்கத்துக் கோட்டைப் பார்த்துப் பொருத்த வேண்டும். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

பழகாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட் நிற்கலாம். அதைவிட ஆபத்து பிக்சர் டியூப். அதன் கண்ணாடிக்கு உள்ளும் புறமும் கிராஃபைட் பூச்சு இருப்பதால் டியூப்பே ஒரு கண்டென்சர்; 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கும். ஒருமுறை இறக்கிவிட்டாலும் கண்ணாடிக்குள் தங்கியது சில நிமிடத்தில் மறுபடி மேலே வரும். அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக் இரண்டாம் முறையும் இறக்குகிறார்.

பல வருடம் பரணில் கிடந்த செட்டில் வேறொரு சிக்கல். மின்சாரம் பாயாததால் அந்த ஆக்சைடு படலமும் மெலிந்திருக்கும். நேராகப் பிளக்கில் சொருகாமல், செட்டோடு ஒரு பல்பைத் தொடராக (சீரிஸ்) இணைத்துத்தான் முதலில் ஓட்ட வேண்டும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் தொடரலாம். பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிட வேண்டும்.