சோப்பைத் தின்னும் தண்ணீர்

சிறுவாணித் தண்ணீரில் குளித்துப் பழகிய கோயம்புத்தூர்க்காரர், வெளியூரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை முதல் தடவை மேலுக்கு ஊற்றும்போது சோப்பைத்தான் சந்தேகப்படுவார். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. உடம்பெல்லாம் பிசுபிசுப்பு, வாளியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ திரிந்து மிதக்கும். சோப்பு அதேதான், தண்ணீர்தான் வேறு.

மழைநீரில் தாது உப்புகள் இல்லை என்றே சொல்லலாம். மண்ணுக்குள் இறங்கிப் பாறை இடுக்குகளில் நாள்கணக்கில் ஊறும்போது அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு கடின நீராகிறது. ஊரில் இதை 'உப்புத் தண்ணி' என்பார்கள். ஆனால் சோப்பைக் கெடுப்பது பெரும்பாலும் சமையல் உப்பு அல்ல, நாக்குக்குச் சட்டென்று பிடிபடாத இந்த இரண்டும்தான்.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கால்சியம் எதிர்ப்பட்டால் சோடியம் இருந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது. சோடியம் சோப்பு கரையும், கால்சியம் சோப்பு கரையாது. குளியலறைத் தரையில் படியும் வெண்கசடும், வெள்ளை வேட்டியின் மங்கலும் அதன் வேலை.

இழப்பு எவ்வளவு? இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. அந்த 600-ஐ வைத்துக் கணக்குப் போட்டால், 15 லிட்டர் வாளியில் 9 கிராம் கடினத்தன்மை. ஒரு கிராமுக்குச் சுமார் 6 கிராம் சோப்பு வீணாகும். துணி ஊற வைக்கும் வாளியில் ஐம்பது கிராமுக்கு மேல், ஏறக்குறைய அரைக் கட்டி சோப்பு, அழுக்கைத் தொடுவதற்கு முன்பே காலி!

இந்த வீணடிப்பையே அளவுகோலாக்கியவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிளார்க். 19-ஆம் நூற்றாண்டில், தண்ணீரில் சோப்புக் கரைசலைச் சிறுகச் சிறுக விட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்க எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தே கடினத்தன்மையைச் சொன்னார். நீங்களும் செய்யலாம்: ஒரு பாட்டிலில் மழைத் தண்ணீர், இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல். குலுக்கினால் தெரிந்துவிடும்.

சலவைத் தூளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதிலுள்ள வேதிப்பொருள் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பைப் போலத் திரிவதில்லை. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அப்படித்தான். அவற்றின் நுரைக்குக் காரணம் சப்போனின்.

கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும், மீதி அசையாது. அதற்குச் சலவைச் சோடா உண்டு. முதலில் சோடாவைத் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் விட்டு, பிறகு சோப்பைப் போடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் சோடா ஆகாது. அவற்றுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்.