வில்லன் இல்லாத கதை

கிள்ளானிலிருந்து கேடிஎம் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை வந்திருக்கிறீர்கள், டீச்சர். தே தாரிக் ஆறுவதற்குள் குடியுங்கள், பேசுவோம். நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி அம்மாளை வைத்துச் சரித்திர நாவல் எழுதப் போகிறேன் என்று நாலு பக்கச் சுருக்கம் கொண்டு வந்திருக்கிறீர்கள். நல்ல ஆளாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் இதில் எழுதவே விடாத ஒரு கணவர் வருகிறாரே, அவரை எடுத்துவிடுங்கள்.

அம்மாள் 1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. இதுவரை கேட்டால் யாருக்கும் உங்கள் வில்லன்தான் ஞாபகத்துக்கு வருவார். நிஜத்தில் அந்தக் கணவர், வை.மு. பார்த்தசாரதி, மனைவியை நாடகம் பார்க்கக் கூட்டிப்போனவர். மனைவிக்குக் கதை சொல்ல வருகிறது என்று கண்டு தூண்டிவிட்டவர். முதல் படைப்பான ‘இந்திர மோகனா’வை அம்மாள் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார்.

அப்படியானால் நாவலுக்கு மோதல் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கணக்குப் புத்தகத்திலிருந்து வரும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1920களில் தமிழ் நாவல் ஒரு நல்ல வியாபாரம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு என்று துப்பறியும் கதைக்காரர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். எழுதியவர், அச்சிட்டவர், விற்றவர் அநேகமாக எல்லாரும் ஆண்கள். புதிதாக எழுத வரும் பெண்ணுக்கு இருந்த வழி, கையெழுத்துப் பிரதியை யாரிடமாவது கொடுத்துவிட்டு அவர் தயவுக்குக் காத்திருப்பது. அம்மாளுக்கு வடுவூராரின் ஆதரவு கிடைத்தது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் 1925-இல் அம்மாள் செய்த காரியம் வேறு ரகம். நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையையே வாங்கி, தன் ‘வைதேகி’யை அதில் தொடராகப் போட்டார்.

பத்திரிகை கையில் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சந்தாக்காரர் பணத்தை முன்னாலேயே கட்டிவிடுகிறார். அதில் காகிதம் வாங்கலாம், அச்சுக்கூலி கொடுக்கலாம். அடுத்த இதழ் வந்தாக வேண்டும் என்பதால் அடுத்த அத்தியாயமும் எழுதியாக வேண்டும். தொடர் முடிந்ததும் அதே கதை புத்தகமாகி இன்னொரு முறை விற்கும். கதையை மாற்றச் சொல்லவோ திருப்பி அனுப்பவோ மேலே யாரும் இல்லை. 115 நாவல்கள் எப்படி வந்தன என்று எல்லாரும் வியக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஏறத்தாழ 35 வருஷம் ஒரு பத்திரிகையை இழுத்துக்கொண்டு போனது. 115-இல் எல்லாமே நல்ல நாவல் என்று சொல்ல மாட்டேன். தவணைக்கு எழுதியதன் அவசரம் பல இடங்களில் தெரியும். அந்த அவசரமும் உங்கள் நாவலில் வரட்டும்.

இங்கிலாந்திலும் முடிச்சு இதே இடத்தில்தான். ஜேன் ஆஸ்டின் 1803-இல் ஒரு நாவலை 10 பவுனுக்கு விற்றார். வாங்கியவர் அச்சிடவே இல்லை. 1816-இல் அதே 10 பவுனைக் கொடுத்துத்தான் அதை மீட்க முடிந்தது. நடுவில் 1811-இல் வந்த முதல் புத்தகத்துக்கு நஷ்டம் வந்தால் தன் தலையில் என்று ஒப்புக்கொண்டார், அட்டையில் பெயர் கூடப் போடவில்லை. சார்லட் பிராண்டே 1847-இல் ஆண் பெயருக்குள் ஒளிந்தார். கோதைநாயகி சொந்தப் பெயரிலேயே எழுதினார். (பிற்காலத்தில் நம் சுஜாதா மனைவி பெயரில் எழுதிப் புகழ்பெற்றது தனி வேடிக்கை.)

கோதைநாயகிக்கும் முன்னால் 1914-இல் யாழ்ப்பாணத்தில் மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலை வெளியிட்டுவிட்டார். இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலைக் கட்டிய யாழ்ப்பாணத்துக்காரர்களின் பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிகிறது என்று.

நம் மலேசிய விஷயத்துக்கு வருகிறேன். ‘தமிழ் நேசன்’ பத்திரிகை 1924-இல் தொடங்கியது, ‘ஜகன்மோகினி’ அம்மாள் கைக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்னால். இங்கே எழுத வந்த பெண்களில் பலருக்கு ஞாயிறு பதிப்புகள்தான் வாசல். அந்த ‘நேசன்’ 2019-இல் மூடிவிட்டது. புத்தகம் என்றால் நீங்களே செலவழித்து அச்சடிக்க வேண்டும். அப்புறம் விஸ்மா துன் சம்பந்தனில் சோமா அரங்கம் எடுத்து வெளியீடு வைத்து, பிரமுகர் ஒருவர் முதல் நூலை வாங்க, மற்றவர்கள் வரிசையில் வந்து பண உறையை நீட்டுவார்கள். போட்ட காசு அன்றைக்கே வந்தால்தான் உண்டு. கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்பு பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் மாதாமாதம் இதைவிட ஒழுங்காக வசூல் பண்ணினார் என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

இன்னொன்று. 1930களின் தொடக்கத்தில் மறியல் செய்து அம்மாள் ஜெயிலுக்குப் போனதை முதல் அத்தியாயத்தில் வைத்திருக்கிறீர்கள். அங்கே உட்கார்ந்தும் எழுதினார், உண்மைதான். ஆனாலும் அதைப் பாதிக்குப் பிறகு தள்ளுங்கள். பட்டம்மாளிடமிருந்து தொடங்கலாம். ஒருவர் சொல்கிறார், ஒருவர் எழுதுகிறார். சொல்லப்பட்ட வசனம் பட்டம்மாளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அப்படியே எழுதினாரா, ஒரு வார்த்தையை மாற்றினாரா, பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சண்டை போட்டாரா? அதை நீங்கள்தான் கற்பனை செய்ய வேண்டும், டீச்சர்.