மலிவு விலை ஜிக்ஸா வாங்கலாமா?

நவராத்திரி நெருங்கினால் நம் வீடுகளில் கொலுப்படி பற்றிய பேச்சும் எழும். வாடகை வீடு மாறினால் பழைய படி புது ஹாலில் அடங்காது. இந்தச் சின்ன வேலைக்கு ஆசாரி கிடைப்பது அரிது; கிடைத்தாலும் முழு நாள் கூலி. ‘நாமே ஒரு மின்ரம்பம் வாங்கிவிட்டால் என்ன?’ என்ற யோசனை அப்போதுதான் பிறக்கிறது. எஸ்.ஜே.பி. ரோட்டுப் பக்கம் போனால் சுமார் 2,000 ரூபாய்க்கே ஜிக்ஸா கிடைக்கிறது. தச்சர்கள் வைத்திருக்கும் உயர்ரக இயந்திரமோ இதைப்போல் பல மடங்கு விலை. மலிவானதை வாங்கலாமா, கூடாதா? ரயில்வேயில் இயந்திரங்களோடு காலம் தள்ளியவன் என்பதால் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அனைவருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

தையல் இயந்திரத்தில் பிறந்தது

1946இல் சுவிட்சர்லாந்தின் சின்டில்லா நிறுவனத்துப் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன், வீட்டுத் தையல் இயந்திரத்தின் ஊசியை எடுத்துவிட்டு ரம்ப பிளேடைப் பொருத்திப் பார்த்தார். மறு ஆண்டு அது ‘லெஸ்டோ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சின்டில்லா பின்னர் பாஷ் குழுமத்தில் சேர்ந்தது. ஆடுகோடியில் ‘மைகோ’ என்று நாம் அறிந்திருந்த கம்பெனியும் அதே குழுமத்தைச் சேர்ந்ததுதான். 2008இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் ஆயிற்று.

வேலை செய்யும் விதம் எளிது. நீராவி எஞ்சினில் பிஸ்டனின் முன்பின் ஓட்டம் சக்கரத்தின் சுழற்சியாகிறது அல்லவா? இங்கே அது தலைகீழ். மோட்டாரின் சுழற்சி, பல்சக்கரம் வழியாக பிளேடின் ஏற்ற இறக்கமாக மாறுகிறது. நிமிடத்துக்கு 3,000 தடவை வரை பிளேடு ஏறி இறங்கும்.

மலிவு இயந்திரத்தின் நிறைகள்

வளைவு வெட்டுவதில் ஜிக்ஸாவுக்கு நிகர் இல்லை. கொலுப்படியின் பக்கப் பலகையில் படிப்படியாக வெட்ட வேண்டிய உள்மூலைகளுக்கும் இதுவே ஏற்றது. வட்ட ரம்பத்தில் மூலையைத் தாண்டி வெட்டு ஓடிவிடும். 12, 18 மில்லிமீட்டர் பிளைவுட் வரை மலிவு இயந்திரமும் தாராளமாக அறுக்கும். எடை குறைவு, அலமாரிக்குள் அடங்கிவிடும். ஆண்டுக்கு நாலைந்து பலகை அறுக்கும் குடும்பத்துக்கு இதுவே போதும்.

குறைகள்

முதல் குறை அடித்தகடு. விலை குறைந்தவற்றில் இது மெல்லிய தகரமாக இருப்பதால் சீக்கிரம் கோணிவிடும். தகடு 2 டிகிரி சாய்ந்தால் 18 மி.மீ. பலகையில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் வித்தியாசம் 0.6 மி.மீ.தான், பட்டி பார்த்து மறைத்துவிடலாம். அதே சாய்வு 50 மி.மீ. மரத்தில் 1.7 மி.மீ. ஆகிவிடும், இணைப்பு உட்காராது. ஆகவே கனமான மரத்தை இதில் தொட வேண்டாம்.

இரண்டாவது, நேர்வெட்டு. எந்த ஜிக்ஸாவிலும் நீளமான நேர்வெட்டு கடினம். மலிவானதில் இன்னும் கடினம். அளவு சொன்னால் நேராக அறுத்துத் தரும் பிளைவுட் கடைகள் உண்டு. படிப்பலகைகளை அங்கேயே அறுத்து வாங்கிக்கொண்டு, மூலையும் வளைவும் மட்டும் வீட்டில் செய்யுங்கள்.

மூன்றாவது, உதிரி பாகம். கார்பன் பிரஷ் தேயக்கூடிய பொருள். பெயர் தெரியாத கம்பெனியின் இயந்திரத்துக்கு அது கிடைக்காவிட்டால், சின்னத் துண்டு கரிக்காக முழு இயந்திரமும் காயலான் கடைக்குப் போகும்.

கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணில் மயங்காதீர்கள். அது இயந்திரம் இழுக்கும் மின்சாரமே தவிர அறுக்கும் திறன் அல்ல. பிளேடை மாட்டி, பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அதிகம் ஆடினால் வேண்டாம். பிளேடின் முதுகை உருளை தாங்குகிறதா, மூலைமட்டம் வைத்தால் தகடும் பிளேடும் செங்கோணத்தில் நிற்கின்றனவா என்று கவனியுங்கள். பிளேடின் தலை ‘டி’ வடிவத்தில் இருக்கும் மாடலையே கேளுங்கள். அந்த பிளேடுதான் எளிதில் கிடைக்கும். உதிரி கார்பன் பிரஷ்ஷை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

இயந்திரத்தில் மிச்சம் பிடித்தாலும் பிளேடில் பிடிக்காதீர்கள். நல்ல பிளேடு போட்ட மலிவு இயந்திரம், மட்டமான பிளேடு போட்ட உயர்ந்த இயந்திரத்தைவிட ஒழுங்காக அறுக்கும். மரத்துக்கு வேறு, இரும்புத் தகட்டுக்கு வேறு பிளேடு. சாதாரண பிளேடு மேல்நோக்கி வரும்போதுதான் அறுக்கும். பிசிறு மேற்பக்கம் வரும். ஆகவே பலகையின் நல்ல பக்கத்தைக் கீழே வைத்து அறுங்கள்.

கையும் கண்ணும்

விலை குறைந்த ரம்பம் என்பதால் வெட்டும் குறைவாக விழும் என்று எண்ணிவிடக்கூடாது. பிளேடு பலகைக்குக் கீழேயும் நீண்டு நிற்கும். விரல் போவது அங்கேதான். பலகையைக் கையாலோ காலாலோ அமுக்காமல் கிளாம்பு போட்டு இறுக்குங்கள். வேட்டி, துப்பட்டா, தளர்ந்த கைச்சட்டை ஆகாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி அவசியம். பிளேடு நின்ற பிறகே இயந்திரத்தைத் தூக்குங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே பிளேடை மாற்றுங்கள்.

சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை இருந்தால் அது இரட்டைக் காப்புள்ள இயந்திரம்; இரண்டு முள் பிளக் போதும். முத்திரையும் இல்லை, எர்த் இணைப்பும் இல்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் இருப்பது கூடுதல் பாதுகாப்பு.

என் தீர்ப்பு இதுதான்: பிளைவுட்டும் மெல்லிய பலகையும் எப்போதாவது அறுப்பவர் மலிவு ஜிக்ஸாவைத் தாராளமாக வாங்கலாம். கட்டில், கதவு என்று திட்டமிடுபவர் வாங்க வேண்டாம். ஒரே ஒரு வேலைதான் என்றால் வாடகைக்கு விசாரியுங்கள். வாங்குபவர் மிச்சப்பட்ட பணத்தில் இரண்டு கிளாம்பும், ஒரு கண்ணாடியும், நல்ல பிளேடும் வாங்கிக்கொண்டே வீடு திரும்புங்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து வேலையைத் தொடங்குங்கள்.