படகு ஆடினால் வயிறு ஆடுகிறதா?

கரையில் உட்கார்ந்திருந்தவள் கடலுக்குப் போன கதை

நாங்கள் கார் செய்கிற ஊரில் இருக்கிறோம். ஆனால் காரில் ஏறினால் என் மனைவிக்குத் தலை சுற்றும்!

எங்கள் வீடு ஒரகடத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு முதல் கார்கள் உற்பத்தி ஆகின்றன. ஒரகடத்திலும் 2010-ம் ஆண்டு முதல் கார்கள் உற்பத்தி ஆகின்றன. லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் இங்கே உருவாகின்றன. பொழுது விடிந்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும்.

இவ்வளவு வண்டிகளுக்கு நடுவே இருந்தும், தாம்பரத்துக்குப் பஸ்ஸில் போகவேண்டும் என்றால் என் மனைவியின் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். அதை முகர்ந்துகொண்டே போவாள்.

பஸ்ஸே இப்படி என்றால் படகு எப்படி இருக்கும்?

எங்கே சுற்றுலா போனாலும், படகுத் துறை வந்ததும் அவள் நின்றுவிடுவாள்.

"நீங்களும் பையனும் போயிட்டு வாங்க. நான் பையைப் பார்த்துக்கிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்பாள்.

ஒரு நாள் எங்கள் பையன் கேட்டான்: "அப்பா, அம்மா ஏன் எப்பவும் பைக்கே காவல் இருக்காங்க?"

அந்தக் கேள்வி என் மனத்தில் தைத்தது.

நான் செய்த தவறு

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதைச் செய்யாமல் இருக்கலாம் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு படகுத் துறைக்குப் போனோம். காலையில் வயிறு நிறையப் பூரி சாப்பாடு. ஒன்றரை மணி நேரம் பஸ் பயணம். உச்சி வெயில். போய்ச் சேர்ந்ததும் வேகப் படகுக்குச் சீட்டு வாங்கினேன்.

"வேண்டாங்க" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது. எல்லாரும் போகலையா? சும்மா ஏறு" என்றேன்.

ஏறினாள். ஐந்தே நிமிடம்! முகம் வெளுத்தது. வாந்தி எடுத்துவிட்டாள். படகில் இருந்த சிலர் சிரித்தார்கள். "முதல் தடவை. அதான்" என்று நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன்.

வீடு திரும்பும் வரை அவள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"வாந்தி வந்ததுகூடப் பரவாயில்லை. நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்களே!"

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. இந்தத் தொல்லை ஏன் வருகிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

குற்றவாளி வயிறு அல்ல. காது!

கொத்தனார் சுவர் கட்டும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். பார்த்திருப்பீர்கள். அதைப் போன்ற ஏற்பாடு நம் உட்காதிலும் இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள். அவற்றின் உள்ளே நீர் போன்ற திரவம். தலை திரும்பினால் அந்தத் திரவம் நகரும். அதை வைத்து, உடம்பு எந்தப் பக்கம் அசைகிறது என்று மூளை தெரிந்துகொள்ளும்.

படகில் என்ன நடக்கிறது? நீங்கள் குனிந்து படகின் தரையைப் பார்க்கிறீர்கள். அல்லது செல்போனைப் பார்க்கிறீர்கள். "ஒன்றும் அசையவில்லை" என்கிறது கண். "மேலும் கீழும் ஆடுகிறோம்" என்கிறது காது. இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? மூளை குழம்புகிறது. அந்தக் குழப்பத்தில்தான் வயிறு குமட்டுகிறது.

பஸ்ஸில் வரும் மயக்கமும் இதுதான். கப்பலில் வரும் மயக்கமும் இதுதான்.

இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையினர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். காது கேளாத 11 ஆண்கள் அதில் உதவினார்கள். அவர்களுடைய உட்காதில் அசைவை உணரும் பகுதி செயல் இழந்திருந்தது. கனடா நாட்டுக் கடலில், பெரிய அலைகளுக்கு நடுவே அவர்களைக் கப்பலில் அழைத்துப் போனார்கள். அந்த 11 பேரும் சுகமாகச் சீட்டு விளையாடினார்கள். சோதிக்க வந்த ஆராய்ச்சியாளர்கள்தான் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார்கள்!

தளபதிக்கும் உண்டு!

இது பயந்தவர்களுக்கு வரும் நோய் என்று நினைக்காதீர்கள்.

1805-ம் ஆண்டு டிரபால்கர் கடற்போரில் வென்ற இங்கிலாந்து தளபதி நெல்சனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாழ்நாள் முழுவதும் கடலிலேயே இருந்தவர். காற்று பலமாக அடித்தால் அவருக்கே மயக்கம் வருமாம்!

விஞ்ஞானி டார்வின் 1831-ம் ஆண்டு கப்பல் ஏறினார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றினார். அவ்வளவு காலமும் கடல் மயக்கம் அவரை விடவில்லை. உலர்ந்த திராட்சையைத் தின்று சமாளித்தார். ஆனாலும் பயணத்தை விடவில்லை.

இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எளிதில் வரும்.

இதையெல்லாம் என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப எனக்குத் தைரியம் இல்லைன்னு அர்த்தம் இல்லையா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பாதி மருந்து அதுதான்!

டிரைவருக்கு ஏன் வருவதில்லை?

கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு நண்பர் சொன்னார்: "பின் சீட்டில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். டிரைவருக்குச் சுற்றி நான் பார்த்ததே இல்லை."

உண்மைதான். டிரைவரின் கண் சாலையில் இருக்கிறது. அடுத்த வளைவு எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். திருப்புகிறவரும் அவரே. அதனால் அவர் மூளை முன்கூட்டியே தயாராகிவிடுகிறது.

எனக்கு ஒரு யோசனை பிறந்தது. படகில் இவளையே டிரைவர் ஆக்கினால் என்ன?

படிப்படியாகப் போனோம்

முதலில் ஓர் ஒப்பந்தம் செய்தோம். "போதும், கரைக்குப் போகலாம்" என்று அவள் சொன்னால் அடுத்த நொடியே திரும்பவேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று நான் சொல்லக்கூடாது. கொடுத்த காசைப் பற்றிப் பேசக்கூடாது.

முதல் படி தரையில். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்துப் பழகினாள். செல்போனைப் பைக்குள் போட்டாள்.

இரண்டாம் படி, முட்டுக்காடு. அங்கே கடலோரக் காயலில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை 1984-ம் ஆண்டு முதல் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். முதல் தடவை படகில் ஏறவே இல்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் போவதைப் பார்த்தோம். திரும்பிவிட்டோம்.

மூன்றாம் படி, மிதிபடகு. காலை வேளையிலேயே போனோம். பகல் ஏற ஏறக் கடல் காற்று வலுக்கும். காலையில் தண்ணீர் அமைதியாக இருக்கும். பூரி இல்லை. இரண்டு இட்லிதான். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அரை மணி நேரம் நிழலில் இருந்தோம். பிறகு மிதவை உடுப்பை மாட்டிக்கொண்டு ஏறினோம்.

கைப்பிடியை அவளிடம் கொடுத்தேன். "நீ எந்தப் பக்கம் திருப்புகிறாயோ அந்தப் பக்கம் போகலாம்" என்றேன்.

மிதித்தாள். திருப்பினாள். படகு வட்டம் அடித்தது. எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறிவைத்து அங்கே ஓட்டச் சொன்னேன். பத்து நிமிடம் ஆயிற்று. அவளுக்கு ஒரு கொட்டாவி வந்தது.

கொட்டாவியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்! கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுதல், குளிர்ந்த வியர்வை, திடீரென்று பேச்சு நின்றுபோதல் இவையெல்லாம் மயக்கத்தின் முன்னோடிகள்.

"திரும்பலாமா?" என்றேன். திரும்பினோம். வாந்தி வரவில்லை. "நல்லாத்தான் இருந்தது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

அதுதான் ரகசியம். மயக்கம் வருவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். அப்போது நல்ல நினைவே மனத்தில் தங்கும். அடுத்த முறை வரத் தோன்றும்.

பத்து நிமிடம், அடுத்த மாதம் இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு மோட்டார் படகு. உடம்பு அசைவுக்குப் பழகப் பழக மூளை குழம்புவது குறைகிறது. கடலில் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் மயக்கம் தணிந்துவிடும். டார்வினைப் போலப் பழகாதவர்களும் சிலர் உண்டு. அவர்களை வற்புறுத்தக் கூடாது.

எங்கே உட்காருவது?

படகின் நடுவில் உட்காருங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. முன்முனை மிகவும் தூக்கிப் போடும். போகும் திசையைப் பார்த்து உட்காருங்கள். வானமும் நீரும் சேரும் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு ஆடாது. காற்றோட்டம் வேண்டும். எஞ்சின் புகை படக்கூடாது.

இஞ்சி சிலருக்குப் பயன்படுகிறது. எலுமிச்சம்பழத்தை முகர்வதால் கெடுதல் இல்லை.

மாத்திரைகளும் உண்டு. 1947-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கர்ப்பிணிக்கு உடல் தடிப்புக்காக ஒரு புதிய மருந்து கொடுத்தார்கள். டிராம் வண்டியில் அவருக்கு வழக்கமாக வரும் மயக்கம் அதனால் நின்றது! அப்படித்தான் 'டிராமமைன்' என்ற மருந்தின் குணம் தெரிந்தது. இத்தகைய மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே சாப்பிடவேண்டும். குமட்டல் வந்த பிறகு சாப்பிட்டால் பலன் குறைவு. இவற்றால் தூக்கம் வரும். மாத்திரை சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக்கூடாது. ஷிப்டுக்குப் போய் எந்திரத்தில் கை வைக்கக்கூடாது. டாக்டரைக் கேட்டே வாங்குங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கட்டாயம் கேட்கவேண்டும்.

பயத்தைக் கேலி செய்யாதீர்கள்

மயக்கம் வேறு, பயம் வேறு. பயத்துக்குக் காரணம் இருக்கலாம்.

2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். அந்தத் துயரம் யாருக்கும் மறக்காது.

ஆகையால் உரிமம் உள்ள படகிலேயே ஏறுங்கள். மிதவை உடுப்பை ஒவ்வொருவரும் மாட்டிக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். மனைவியோ கணவரோ "பயமாக இருக்கிறது" என்றால், "எதற்குப் பயம்?" என்று அன்போடு கேளுங்கள். பதில் கிடைக்கும்.

வள்ளுவரைப் பார்த்தோம்

என் மனைவிக்கு நெடுநாளாக ஓர் ஆசை. கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையை அருகில் போய்ப் பார்க்கவேண்டும். 133 அடி உயரமான அந்தச் சிலை 2000-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்டது. ஒரு முறை அங்கே போயிருந்தோம். படகுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்ததும் அவள் திரும்பிவிட்டாள். கரையிலிருந்தே கும்பிட்டாள்.

இந்த ஆண்டு மறுபடியும் போனோம். "ஏறட்டுமா, வேண்டாமா?" என்று நான் கேட்கவில்லை. அவளே பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

முதலில் விவேகானந்தர் பாறை. அங்கிருந்து கண்ணாடிப் பாலம் வழியாக வள்ளுவர் பாறை. 2024-ம் ஆண்டு டிசம்பரில் திறந்த பாலம் அது. வள்ளுவர் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது அவள் கண் கலங்கியது.

போகும்போது படகில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பக்கத்தில் ஓர் அம்மாள் குனிந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் கணவர், "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மனைவி அந்த அம்மாளின் தோளைத் தொட்டாள்.

"அக்கா, கீழே பார்க்காதீங்க. நிமிர்ந்து அதோ, வானமும் கடலும் தொடுற இடத்தைப் பாருங்க. எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்றாள்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

பை? அது என் மடியில் இருந்தது!