எம்.எஸ்.: ஊசிக் காலமும் மாத்திரைக் காலமும்

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை அரிப்பதுதான் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்னும் எம்.எஸ். நோய். திடீரெனக் கண் மங்கும், கால் மரத்துப்போகும். கொஞ்சம் தேறியதும் அடுத்த தாக்குதல் வரும்.

தாக்குதல்களைக் குறைக்கும் முதல் மருந்துக்கு அமெரிக்கா 1993இல் அனுமதி தந்தது. அது இன்டர்ஃபெரான் பீட்டா-1பி. ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. 1996இல் வாரம் ஒருமுறை போடும் இன்டர்ஃபெரானான அவோனெக்ஸும் தினமும் போடும் கோபாக்சோனும் வந்தன. இன்டர்ஃபெரான் போட்ட இரவு காய்ச்சலும் உடம்புவலியும் வரும் என்பதால், வார ஊசிக்காரர்கள் பலர் விடுமுறைக்கு முந்தைய இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். பாராசிட்டமால் விழுங்கி, குளிர்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்து, போன வாரம் இடத்தொடை என்றால் இந்த வாரம் வலத்தொடை. அன்று மருந்துகளை ஒப்பிடுவது என்றால், எத்தனை நாளுக்கு ஒரு குத்து என்பதுதான் முதல் கேள்வி.

2010 செப்டம்பரில் ஃபிங்கோலிமோடு அனுமதி பெற்றது. தினம் ஒரு மாத்திரை. பூச்சிகளின் உடலில் வளரும் பூஞ்சையொன்றின் வேதிப்பொருளைத் திருத்தி உருவாக்கியது. நரம்பைத் தாக்கும் லிம்போசைட் வெள்ளணுக்களை நிணநீர் முடிச்சுகளிலேயே தங்கவைக்கும். அவோனெக்ஸோடு நேருக்கு நேர் நடந்த ஆய்வில் ஆண்டுக்கு 0.33 ஆக இருந்த தாக்குதல் விகிதம் இதில் 0.16. ஆனால் முதல் மாத்திரை நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடும். விழுங்கிய பின் ஆறு மணி நேரம் மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

2012இல் டெரிஃப்ளூனமைடு: தினம் ஒன்று. கல்லீரல் பரிசோதனை கட்டாயம், முடி மெலியலாம். கருத்தரிக்க எண்ணும் பெண்ணுக்கு ஆகாது. நிறுத்தினாலும் உடலில் நெடுநாள் தங்கும். 2013இல் டைமெதில் ஃப்யூமரேட்: நாளைக்கு இரண்டு வேளை. முகம் சிவந்து எரியும், வயிறு புரட்டும். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். 2019இல் அமெரிக்கா அனுமதித்த கிளாட்ரிபைனை இரண்டு ஆண்டுகளில் மொத்தம் இருபது நாளுக்கு மேல் விழுங்க வேண்டியதில்லை; ஆனால் புற்றுநோய் எச்சரிக்கை உண்டு.

இவற்றில் எது மேல்? பெரும்பாலும் வெற்று மாத்திரையோடும் ஊசியோடும் ஒப்பிட்டே சோதித்தார்கள். வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாத்திரையை மாத்திரையோடு மோதவிட்ட ஆய்வுகள் குறைவு. அப்படியொன்றில் ஆண்டுத் தாக்குதல் விகிதம் பொனெசிமோடு என்னும் இன்னொரு மாத்திரையில் 0.20, டெரிஃப்ளூனமைடில் 0.29.

குத்தின் வலி போன இடத்தில் இன்று ரத்தப் பரிசோதனைத் தேதிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஃபிங்கோலிமோடைத் தானாக நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். இதயக் கோளாறு, பிள்ளைப்பேறு, மறதி, வெளியூர் வேலை என எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களுக்கான மாத்திரை எதுவென்று அந்தப் பேச்சில்தான் முடிவாகும்.